ஜேம்ஸ் பாண்டின் முதல் எதிரி யார்?

(தொழிற்சங்கப் படிப்பகம் ஒன்றில் நடைபெற்ற கலை இலக்கிய வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



போன வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு இளம் தோழர் என்னிடம் வந்தார். "தோழரே, ஒரு சந்தேகம். ஜேம்ஸ் பாண்டு படம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்த பிறகு, நாம் இதைப் பார்க்கலாமா என்று மனசு உறுத்துகிறது. அது தப்பா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தோழருக்கான பதில்தான்.

முதலில் நான் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். ஜேம்ஸ் பாண்டின் முதல் எதிரி யார்?

டாக்டர் நோ என்று ஒருவர் சொல்கிறார். தங்கத்தின் மீது பித்துப் பிடித்த கோல்ட்ஃபிங்கர் என்று இன்னொருவர் சொல்கிறார். மடியில் வெள்ளைப் பூனையை வைத்துத் தடவிக்கொண்டிருப்பாரே, அந்த மொட்டைத் தலையர் என்கிறார் மற்றொருவர். மூன்றும் தவறு. 1953-ம் வருஷம் வெளிவந்த முதல் பாண்டு நாவலில், "கேசினோ ராயல்" என்ற அந்தப் புத்தகத்தில், பாண்டு யாரை ஒழிக்கப் புறப்படுகிறான் தெரியுமா? ஒரு தொழிற்சங்கத்தின் பொக்கிஷதாரரை!

ஆம், தோழர்களே. பிரான்ஸ் தேசத்தின் அல்சாஸ் பிரதேசத்தில் கம்யூனிஸ்டுகள் தலைமையிலுள்ள ஒரு தொழிலாளர் சங்கம். அதன் பணப்பெட்டி லே ஷீஃபர் என்பவன் கையில். மாஸ்கோ அனுப்பிய சங்கப் பணத்தை விபசார விடுதிகளில் போட்டுத் தோற்றுவிடுகிறான். தோற்றதைச் சூதாட்டத்தில் மீட்கப் பார்க்கிறான். அந்தச் சூதாட்ட மேஜையில் அவனை வென்று, சங்கத்தையே நாறடித்து உடைக்க வேண்டும் என்பதுதான் பாண்டுக்கு இடப்பட்ட கட்டளை.

நம் சங்கப் பொக்கிஷதாரர் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சந்தா ரசீதுக் கட்டையும், மாதக் கடைசியில் வரும் தலைவலியையும் தவிர அவரிடம் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவரைப் போன்ற ஒருவரை உலக வில்லனாக்கி ஒரு கதை தொடங்குகிறது என்றால், அந்தக் கதை எங்கே பிறந்தது, யார் வீட்டுச் சோற்றில் வளர்ந்தது, யார் பணத்தில் படமாயிற்று என்று விசாரிக்க நமக்குப் பாத்தியதை உண்டு.

சணலில் தொடங்கிய வம்சம்

கதை எழுதியவர் ஐயன் பிளெமிங். 1908-ல் லண்டனில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ராபர்ட் பிளெமிங், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக்காரர். ஏழை வீட்டில் பிறந்து, வியாபாரி ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். டண்டீ நகரத்தின் பெரும் தொழில் சணல். அந்தச் சணல் வங்காளத்து விவசாயி விளைவித்து வயிறு காய்ந்து விற்ற சணல். அங்கே மலிவாக வாங்கி, இங்கே ஆலையில் பெண்களையும் பிள்ளைகளையும் குறைந்த கூலிக்கு வாட்டி, டண்டீ முதலாளிகள் பணம் குவித்தார்கள். குவிந்த பணத்துக்கு மேலும் லாபம் தேட வேண்டுமே! 1873-ல் ராபர்ட் பிளெமிங் ஒரு முதலீட்டு டிரஸ்ட் அமைத்து, டண்டீ பணத்தை அமெரிக்க ரெயில் கம்பெனிகளில் போட்டார். அதிலிருந்து வளர்ந்தது பிளெமிங் குடும்பத்தின் பாங்கு.

பேரன் ஈட்டன் பள்ளியில் படித்தார். செய்தி ஸ்தாபனம் ஒன்றின் நிருபராக 1933-ல் மாஸ்கோ சென்று, பிரிட்டிஷ் எஞ்சினீயர்கள் மீது நடந்த உளவு வழக்கைப் பற்றி எழுதினார். பிறகு லண்டனில் பங்குத் தரகர். யுத்தம் வந்ததும் 1939-ல் கடற்படை உளவுத் துறைத் தலைவருக்குக் காரியதரிசி. யுத்தம் முடிந்ததும், 1946-ல் ஜமைக்காத் தீவின் கடற்கரையில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். பெயர் "கோல்டன் ஐ". ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே போய் நாவல் எழுதுவார்.

ஜமைக்கா எப்படிப்பட்ட இடம்? 1938-ல் அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கொதித்தெழுந்தார்கள். போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தப் போராட்டத்திலிருந்துதான் அந்தத் தீவின் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் உரம் பெற்றன. 1944-ல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அதே தீவில், ஜன்னலைச் சாத்திவிட்டு, தட்டெழுத்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, சாம்ராஜ்யம் இன்னும் சாகவில்லை என்று கதை எழுதினார் பிளெமிங். 1956-ல் சூயஸ் கால்வாயில் மூக்குடைபட்டு உடல்நலமும் கெட்டுப்போன பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் ஓய்வெடுக்கப் போன வீடும் இதுதான். தோற்ற சாம்ராஜ்யம் காற்று வாங்கப் போன இடத்தில், ஜெயிக்கும் சாம்ராஜ்யம் காகிதத்தில் உருவாகிக்கொண்டிருந்தது!

பழைய கள், புதிய பாட்டில்

உளவுக் கதை பிளெமிங் கண்டுபிடித்த சரக்கு அன்று. அதற்கு அரை நூற்றாண்டுப் பாரம்பரியம் இருந்தது.

1901-ல் கிப்ளிங் "கிம்" என்ற நாவலை எழுதினார். லாகூர்த் தெருவில் திரியும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் பிரிட்டிஷ் உளவுத் துறையில் சேருகிறான். எதிரி யார்? ரஷ்யா! அப்போது ரஷ்யாவில் ஜார் மன்னன் ஆண்டான். செங்கொடி பறக்கவில்லை, சோவியத் பிறக்கவில்லை. ஆனாலும் எதிரி ரஷ்யாதான். இந்தியாவை யாரும் பறித்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். பின்னாளில் அதே கவலைக்குக் கம்யூனிஸ எதிர்ப்பு என்ற புதுச் சட்டை தைத்தார்கள்.

அடுத்து லெ கியூ என்ற ஆசாமி. ஜெர்மானியர் இங்கிலாந்தின் மீது படையெடுப்பதாக 1906-ல் டெய்லி மெயில் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். ஜெர்மன் படை எந்த வழியாக வர வேண்டும் என்று தீர்மானித்தது யார்? பத்திரிகை முதலாளி! படை வரும் வழி பத்திரிகை நன்றாக விற்பனையாகும் ஊர்களாக இருக்க வேண்டும் என்று பாதையை மாற்றச் சொன்னார். கதையில் வரும் எதிரிகூட விற்பனை வரைபடத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. இப்படிக் கிளப்பப்பட்ட ஒற்றர் பீதிக்கு நடுவேதான் 1909-ல் பிரிட்டிஷ் ரகசிய உளவு ஸ்தாபனமே நிறுவப்பட்டது.

1913-ல் சாக்ஸ் ரோமர் என்பவர் ஃபூ மன்சு என்ற சீன வில்லனைப் படைத்தார். வெள்ளை உலகத்தை அழிக்கத் துடிக்கும் மஞ்சள் பூதம்! 1958-ல் பிளெமிங் எழுதிய டாக்டர் நோ அவனுடைய வாரிசு. 1920-ல் சாப்பர் என்ற புனைபெயர்க்காரர் புல்டாக் டிரம்மண்டு என்ற முரடனை உருவாக்கினார். 1922-ல் வந்த கதையில் அந்த முரடனும் அவன் நண்பர்களும் கறுப்பு உடை போட்டுக்கொண்டு கம்யூனிஸ்டுகளையும் யூதர்களையும் அடித்து உதைக்கிறார்கள். அதே வருஷம் இத்தாலியில் கறுப்புச் சட்டைக்காரர்கள் முசோலினியை அரியணை ஏற்றினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா உளவுக் கதைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நியாயமாகப் பேச வேண்டும். சாமர்செட் மாம் 1917-ல் பிரிட்டிஷ் ஒற்றனாகப் பெத்ரோகிராடு போனவர். கெரன்ஸ்கியைத் தாங்கிப் பிடித்து ரஷ்யாவை யுத்தத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அவர் வேலை. அது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பது நவம்பர் 7-ஐக் கொண்டாடும் உங்களுக்குத் தெரியும். பின்னால் அவர் எழுதிய கதைகளில் ஒற்றன் வேலை சலிப்பும் கசப்பும் அசட்டுத்தனமும் நிறைந்ததாகவே வருகிறது. 1930-களில் எரிக் ஆம்ப்ளர் எழுதிய நாவல்களில் வில்லன்கள் ஆயுத வியாபாரிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் பாங்குகளும்தான். சோவியத் ஒற்றர்கள் நல்ல மனிதர்களாக வருகிறார்கள். பிளெமிங் தம் நாவல் ஒன்றில் பாண்டின் கையில் ஆம்ப்ளரின் புத்தகத்தைக் கொடுத்து விமானத்தில் ஏற்றுகிறார். புத்தகத்தை எடுத்துக்கொண்டார், அதில் இருந்த உண்மையை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வார இடைவெளி

இனி 1953-க்கு வருவோம். "கேசினோ ராயல்" வெளிவந்தது அவ்வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி. அதிலிருந்து சரியாக இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 27-ந் தேதி, தென்னமெரிக்காக் கரையில் பிரிட்டிஷ் கயானாவில் ஒரு தேர்தல் நடந்தது.

அந்த நாடு நமக்கு அந்நியம் அல்ல. 1838-லிருந்து 1917 வரை, ஏறத்தாழ 2,39,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டு போன இடம் அது. பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போனார்கள். ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனார்கள். நம் பாட்டன் பாட்டிமாரின் உறவுக்காரர்கள் கரும்பு வெட்டிய மண் அது. கரும்புத் தோட்டங்களில் பெரும்பங்கு புக்கர் பிரதர்ஸ் என்ற ஒரே கம்பெனிக்குச் சொந்தம். தோட்டம் அதனுடையது, ஆலை அதனுடையது, கப்பல் அதனுடையது, கடையும் அதனுடையது. பிரிட்டிஷ் கயானா என்பதை "புக்கர் கயானா" என்றே ஜனங்கள் சொன்னார்கள்.

அந்தத் தேர்தலில், கரும்புத் தோட்டத் தொழிலாளியின் மகனான செட்டி ஜகனின் மக்கள் முற்போக்குக் கட்சி 24 இடங்களில் 18-ஐப் பிடித்தது. மந்திரி சபை அமைந்தது. தொழிலாளர்கள் தாங்கள் விரும்பும் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், முதலாளி அதை அங்கீகரித்தே தீர வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான்! அக்டோபர் 9-ந் தேதி சர்ச்சில் சர்க்கார் அரசியல் சட்டத்தையே நிறுத்திவைத்தது, பட்டாளத்தை இறக்கியது, மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பியது. 133 நாள் ஆட்சி. கம்யூனிஸ்டுச் சதி என்று காரணம் சொன்னார்கள்.

நாவலில் பாண்டு பிரான்சில் செய்ததும், நிஜத்தில் பட்டாளம் கயானாவில் செய்ததும் ஒரே காரியம். இரண்டும் ஒரே வருஷத்தில்! ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிளெமிங்குக்கு ஜகனைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வர்க்கத்தின் தூக்கத்தைக் கெடுக்கும் பூதம் எதுவோ, அதுவே அந்த வர்க்கத்தின் கதையிலும் வருகிறது. அந்தப் பூதத்தின் பெயர் தொழிற்சங்கம்.

இன்னொன்றும் கேளுங்கள். பிரெஞ்சுச் சங்கத்துக்குள் ரகசியப் பணம் புகுந்தது என்பது பிளெமிங்கின் கதை. நிஜத்தில், 1947-ல் பிரெஞ்சுத் தொழிற்சங்கம் பிளவுபட்டபோது பிரிந்து போன அணிக்குப் பணம் கொடுத்தது யார்? அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.! இதைச் சொன்னவர் கம்யூனிஸ்டு அல்லர். சி.ஐ.ஏ.யில் அந்த வேலையைக் கவனித்த தாமஸ் பிரேடன் என்ற அதிகாரியே 1967-ல் பத்திரிகையில் பகிரங்கமாக, பெருமையோடு எழுதினார். கயானாவிலும் அதே கதை. ஜகன் மறுபடி ஜெயித்து, 1963-ல் அதே தொழிலாளர் மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குச் சி.ஐ.ஏ. பணம் அமெரிக்கச் சங்கங்கள் வழியாகப் போயிற்று. கதையில் நம் மீது சுமத்திய குற்றத்தை, நிஜத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

தயாரிப்பாளர்கள் இருவர்

நாவல் ஒரு பக்கம். படம் எப்படி வந்தது? படத்தை உண்டாக்கியவர்கள் இருவர். இருவரும் பிளெமிங்கைப் போலப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அல்லர்.

ஒருவர் ஹாரி சால்ட்ஸ்மன். கனடாவில் பிறந்தவர், இளம் வயதிலேயே சர்க்கஸ், கூத்து என்று அலைந்தவர். இவருடைய கதை நமக்கு முக்கியம். ஜான் ஆஸ்பர்ன், டோனி ரிச்சர்ட்சன் ஆகியோருடன் சேர்ந்து உட்ஃபால் என்ற படக் கம்பெனியை நடத்தியவர் இவர். 1960-ல் அந்தக் கம்பெனி ஆலன் சில்லிட்டோவின் நாவலைப் படமாக்கியது. "சனி இரவும் ஞாயிறு காலையும்" என்பது தலைப்பின் பொருள். நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு சைக்கிள் தொழிற்சாலை. அங்கே கடைசல் இயந்திரத்தில் துண்டுக்கூலிக்கு உழைக்கும் ஒரு இளைஞன். அவன் கோபம், அவன் குடி, அவன் காதல் ஆகியவைதான் கதை. நாவலாசிரியரே அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் திரையில் தொழிலாளி தன் சொந்தக் குரலில் பேசிய படங்களில் அது தலைசிறந்தது. வசூலும் நன்றாகவே ஆயிற்று.

அதே சால்ட்ஸ்மன்தான் மறு வருஷம், 1961-ல், பாண்டு நாவல்களின் திரைப்பட உரிமையை ஆறு மாதத் தவணைக்கு வாங்கினார். தவணை முடிய நான்கு வாரமே இருந்தது. கையில் மூலதனம் இல்லை. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் இரண்டாமவர், ஆல்பர்ட் பிராக்கலி. இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் வார்விக் பிலிம்ஸ் என்ற கம்பெனியை நடத்தி வந்தவர். அமெரிக்கரான அவர் லண்டனுக்கு ஏன் வந்தார்? அங்கே ஒரு விசேஷம் இருந்தது. சினிமா டிக்கெட்டில் ஒரு சிறு வரி பிடித்து, அந்த நிதியைப் பிரிட்டிஷ் படங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஈடி வரித் திட்டம் 1950-ல் தொடங்கியது, 1957-ல் சட்டமாயிற்று. ஹாலிவுட்டின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் படத்தொழிலைக் காப்பாற்றத்தான் வரி. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அமெரிக்கப் பணமானாலும் சரி, பிரிட்டனில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, பிரிட்டிஷ் தொழிலாளர்களை வைத்துப் படம் எடுத்தால் அது "பிரிட்டிஷ் படம்"! அதிலும் அதிகம் வசூலித்த படத்துக்கே அதிகப் பங்கு. வேலி போட்டார்கள்; வேலிக்குள்ளேயே ஆடு புகுந்து மேய்ந்தது.

1961 ஜூனில் இருவரும் நியூயார்க் போய், யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனியிடம் சுமார் 10 லட்சம் டாலர் செலவில் படமெடுக்க ஒப்புதல் வாங்கி வந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், மார்ச்சில், அதிபர் கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களில் பாண்டு நாவல் ஒன்றும் உண்டு என்று லைஃப் பத்திரிகை எழுதியிருந்தது. ஏப்ரலில் அதே கென்னடியின் கூலிப்படை கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் மண்ணைக் கவ்வியது.

முதல் படம் "டாக்டர் நோ". 1962 அக்டோபர் 5-ந் தேதி லண்டனில் வெளியாயிற்று. நாவலில் அந்த வில்லன் மாஸ்கோவின் கையாள். படத்தில்? மாஸ்கோவைக் காணோம்! "ஸ்பெக்டர்" என்ற, எந்தத் தேசத்தையும் சேராத, பணத்துக்காகச் சதி செய்யும் ஒரு கும்பல் வந்துவிட்டது. அடுத்த படத்திலும் அப்படியே: நாவலில் சோவியத் உளவுத் துறை செய்ததாக எழுதப்பட்ட சதி, படத்தில் ஸ்பெக்டரின் சதியாயிற்று. அந்த நாவலின் முகப்பில், சோவியத்தின் "ஸ்மெர்ஷ்" ஸ்தாபனம் இன்றும் இருக்கிறது என்று 1957-ல் பிளெமிங் சத்தியம் செய்திருந்தார். உண்மையில் யுத்த காலத்தில் 1943-ல் அமைக்கப்பட்ட அது 1946-லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

தயாரிப்பாளர்கள் ஏன் எதிரியை மாற்றினார்கள்? சோவியத் மீது அன்பா? அதெல்லாம் இல்லை. படம் உலகமெங்கும் ஓட வேண்டும். பாரிஸ் நகரத்து மோட்டார்த் தொழிலாளியும் மிலான் நகரத்து உருக்குத் தொழிலாளியும் டிக்கெட் வாங்க வேண்டும். அவர்கள் சங்கத்துக்காரர்கள், லட்சக்கணக்கானோர் கம்யூனிஸ்டுகளுக்கு வாக்களிப்பவர்கள். அவர்களையே வில்லனாக்கிவிட்டு அவர்களிடமே காசு கேட்க முடியுமா? நாவலாசிரியரின் வர்க்க வெறுப்பைத் தயாரிப்பாளரின் வர்க்க லாபம் திருத்தியது! இதையும் நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாளித்துவக் கலை எப்போதும் ஒரே பொய்யைச் சொல்லாது. எந்தப் பொய் விற்குமோ அதைச் சொல்லும்.

ஆனால் மாற்றாமல் விட்டவையும் உண்டு. "டாக்டர் நோ" படப்பிடிப்பு 1962 ஜனவரியில் ஜமைக்காவில் தொடங்கியது; ஆகஸ்டு 6-ல் அந்தத் தீவு விடுதலை பெற்றது; அக்டோபரில் படம் வந்தது. சுதந்திர தேசத்தின் முதல் வருஷத்தில் வந்த அந்தப் படத்தில், குவாரல் என்ற கறுப்பு மீனவனைப் பார்த்து, போய் என் செருப்பை எடுத்து வா என்கிறான் பாண்டு. அவனும் எடுத்து வருகிறான். பிறகு வெள்ளையனுக்காக வெந்து சாகிறான்.

அந்தச் செருப்பைக் கேட்ட நடிகர் யார்? ஷான் கானரி. எடின்பரோ நகரத்துத் தொழிலாளிக் குடியிருப்பில் 1930-ல் பிறந்தவர். தகப்பனார் லாரி ஓட்டியவர். தாயார் வீடு துடைத்தவர். கானரி சிறுவயதில் கூட்டுறவுச் சங்கத்தின் பால் வண்டியில் வேலை பார்த்தார். ஈட்டன் பள்ளிக்காரர் எழுதிய கனவானுக்கு, பால் வண்டிக்காரப் பையன்தான் உயிர் கொடுத்தான். அந்தப் பிரம்மாண்டமான அரங்கங்களை வடிவமைத்த கென் ஆடம், ஹிட்லரின் பெர்லினிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பைன்வுட் ஸ்டுடியோவின் தச்சர்கள், மின்சாரத் தொழிலாளர்கள், படத்தொகுப்பாளர்கள் என்று எத்தனை கைகள்! படம் நன்றாக இருக்கிறது என்று நம் தோழர் சொன்னாரே, அந்த நன்மை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? அது உழைப்பாளியின் கைத்திறன். அதை ரசித்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை கம்பெனி கதை வாங்கியது

கயானாவை மறந்துவிடாதீர்கள். 1964-ல் பிளெமிங் உடல்நலம் கெட்டிருந்தார், பணம் கொட்டியது, வரிச்சுமை ஏறியது. பாண்டு நாவல்களின் உரிமையை வைத்திருந்த தம் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை 1,00,000 பவுனுக்கு விற்றார். வாங்கியது யார்?

புக்கர் பிரதர்ஸ்!

ஆம், அதே சர்க்கரை கம்பெனி. அதன் தலைவர் பிளெமிங்கோடு கோல்ஃப் விளையாடுபவர். பிளெமிங் அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார். டிசம்பரில், தேர்தல் முறையையே மாற்றி, ஜகனை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். தொழிற்சங்கப் பொக்கிஷதாரரை வில்லனாக்கித் தொடங்கிய கதை, சங்கத்துக்கு அஞ்சிய கம்பெனியின் சொத்தாகவே போய்ச் சேர்ந்தது. நதி கடலில் சேருவது போல!

புத்தக உரிமையில் லாபம் கண்ட அதே புக்கர் கம்பெனி 1969-ல் ஏற்படுத்தியதுதான் புகழ்பெற்ற புக்கர் இலக்கியப் பரிசு. 1972-ல் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர் மேடையேறி, கரீபியன் மக்களைச் சுரண்டிய பணம் இது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாதிப் பணத்தைக் கறுப்பு மக்களின் போராட்ட இயக்கத்துக்குக் கொடுத்தார். எழுத்தாளன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

காற்றுக்கு ஏற்ற பாய்மரம்

பிற்காலத்தை வேகமாகச் சொல்கிறேன். சால்ட்ஸ்மன் கடனில் மூழ்கி, 1975-ல் தம் பங்கை விற்றுவிட்டுப் போனார். பிராக்கலி குடும்பம் தொடர்ந்தது. 2021 வரை 25 படங்கள் வந்துவிட்டன.

அரசியல் காற்று எப்படி வீசியதோ, அப்படிப் பாய்மரத்தைத் திருப்பினார்கள். 1977-ல் பதற்றம் தணிந்த காலம். பாண்டும் சோவியத் பெண் ஒற்றரும் கைகோத்து வேலை செய்தார்கள். 1983-ல் உதயபூருக்கு வந்தார்கள். நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அந்தப் படத்தில் நடித்தார். இந்தியா என்றால் ஆணிப் படுக்கைச் சாமியார், பாம்பாட்டி. சூதில் வென்ற பணத்தை இந்தியச் சகாவின் கையில் திணித்துவிட்டு, கறிக்குழம்புச் செலவுக்கு ஆகும் என்பது போல் ஒரு கேலி! 1987-ல் ஆப்கானிஸ்தானத்து முஜாஹிதீன்கள் பாண்டின் நண்பர்கள் ஆனார்கள். அந்த நட்பு பிற்பாடு உலகத்துக்கு என்ன விலை வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2008-ல் வந்த படத்தில், பொலிவியாவின் தண்ணீரைக் கைப்பற்ற ஒரு கம்பெனி சதி செய்கிறது, சி.ஐ.ஏ. உடந்தை! தண்ணீர்த் தனியார்மயத்தை எதிர்த்துக் கொச்சபம்பா மக்கள் 2000-ல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அதுவும் விற்கும் சரக்காயிற்று.

"கேசினோ ராயல்" என்ற முதல் நாவல்? 2006-ல் அதைப் படமாக்கினார்கள். வில்லன் லே ஷீஃபர் இருக்கிறான். சூதாட்ட மேஜை இருக்கிறது. தொழிற்சங்கம் மட்டும் இல்லை. அவன் இப்போது பயங்கரவாதிகளின் பணத்தைப் பெருக்கித் தரும் பாங்குக்காரன். பங்குச் சந்தைச் சூதாடி. 53 வருஷத்துக்குப் பிறகு, பொக்கிஷதாரர் மீதிருந்த வழக்கு வாபஸ் ஆயிற்று. பாங்குக்காரர் கூண்டில் ஏறினார். பிளெமிங்கின் பாட்டனார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சரி, கதையில் வழக்கு வாபஸ். நிஜத்தில்? 2022 மார்ச் 17-ந் தேதி அமேசான் கம்பெனி, பாண்டு படங்களின் பங்காளியான எம்.ஜி.எம். ஸ்தாபனத்தை 845 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2025 பிப்ரவரியில் பாண்டு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் பிராக்கலி குடும்பத்திடமிருந்து அமேசானிடம் போயிற்று. வாங்கி முடித்த 15-வது நாள் என்ன நடந்தது தெரியுமா? ஏப்ரல் 1-ந் தேதி, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள அமேசான் கிட்டங்கித் தொழிலாளர்கள், சங்கம் வேண்டும் என்று 2,654-க்கு 2,131 என்ற கணக்கில் வாக்களித்து வென்றார்கள். அமேசானின் அமெரிக்கக் கிட்டங்கி ஒன்றில் சங்கம் வென்றது அதுவே முதல் தடவை. கம்பெனி என்ன செய்தது? அங்கீகரிக்க மறுத்தது, வழக்குக்கு மேல் வழக்குப் போட்டது.

1953-ல் இரண்டு வாரம். 2022-லும் இரண்டு வாரம். கயானாவில் எந்தச் சங்க அங்கீகாரத்துக்காகச் சண்டை நடந்ததோ, அதே சண்டைதான் நியூயார்க்கிலும். பாண்டின் முதல் எதிரி திரையிலிருந்து போய்விட்டார்; முதலாளியின் மனசிலிருந்து போகவில்லை.

தோழருக்குப் பதில்

இப்போது அந்த இளம் தோழரின் கேள்விக்கு வருகிறேன். படம் பார்ப்பது தப்பா? தப்பில்லை, தோழரே. தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு வேண்டும். எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டியவன் இரண்டு மணி நேரம் கார் பறப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், அவனைக் கண்டிக்க நான் யார்? நம் ஊரிலும் ஜெய்சங்கர் துப்பாக்கியோடு வந்தபோது ஜனங்கள் அவரைத் தமிழ்நாட்டு ஜேம்ஸ் பாண்டு என்று கொண்டாடத்தானே செய்தார்கள்? நானும் கைதட்டியவன்தான்.

ஆனால் கொட்டகைக்குள் போகும்போது மூன்று கேள்விகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இந்தக் கதையில் எதிரி யார், அவனை எதிரி என்று தீர்மானித்தவர் யார்? இந்தப் படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, லாபம் எங்கே போகிறது? செருப்பை எடுத்து வருகிறவன் யார், அவனுக்குப் பெயர் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, கடைசிவரை உயிரோடு இருக்கிறானா?

இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே பார்த்தால் படம் ருசி குறையாது. கண் திறந்திருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். சால்ட்ஸ்மன் விட்டுவிட்டுப் போன அந்த நாட்டிங்ஹாம் கடைசல் தொழிலாளியின் படத்தை நம் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு விவாதிப்போம். அதே தயாரிப்பாளர், ஒரே வருஷ இடைவெளியில், இரண்டு பாதைகளின் சந்தியில் நின்றார். தொழிலாளியின் படத்துக்கும் கூட்டம் வந்தது, நஷ்டம் வரவில்லை. ஆனால் பத்து மடங்கு லாபம் மற்றப் பாதையில் இருந்தது. மூலதனம் அந்தப் பக்கம் போயிற்று. விட்டுப்போன பாதையில் நடக்க வேண்டியவர்கள் நாம்தான். நம் வாழ்க்கையை நாம் எழுதாவிட்டால், நம் பொக்கிஷதாரரை வில்லனாக்கி வேறொருவர் எழுதுவார்.

கடைசியாக ஒன்று. அந்தப் பொக்கிஷதாரர் வாசலில் ரசீதுக் கட்டோடு நிற்கிறார். இந்த மாதச் சந்தா பாக்கி இருப்பவர்கள், தயவு செய்து அவரைச் சூதாட்ட மேஜைக்குத் துரத்திவிடாதீர்கள்!